மூன்றாவது மெஷினுக்கு வைத்த பொட்டு

போன வாரம் தினேஷ் போன் செய்தான். நான் ஓய்வு பெற்ற பிறகு ஆஸ்பத்திரி சர்வர் ரூமில் என் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவன். நல்ல பையன், வேலை தெரிந்தவன்.

"மேடம், அந்த ஹார்டுவேர் பிளக்-இன்னை டிசேபிள் பண்ணிடலாம்னு பாக்கறேன். ஓயாம மெயில் அனுப்பிகினே இருக்கு. ஃபேன் கொஞ்சம் வேகமா சுத்தினா ஒரு மெயில், ரூம்ல சூடு ஜாஸ்தியானா ஒரு மெயில். கன்சோல்ல எல்லாம் பச்சையாத்தான் இருக்கு. அது வேணுமா?"

"அதுல கை வெச்சியானா தெரியும் சேதி" என்று சொல்லிவிட்டு போனை வைத்துவிட்டேன். பாவம், திகைத்திருப்பான். அவன் வேலைக்குச் சேர்ந்தபோது எல்லாம் நடந்து முடிந்து, சுவருக்குப் புது பெயின்ட்டும் அடித்திருந்தார்கள். போனில் சொல்லக்கூடிய விஷயமாக இருந்திருந்தால் அப்போதே சொல்லியிருப்பேன். அதனால் எழுதுகிறேன்.

நான் கீழ்பென்னாத்தூர்க்காரி. வேங்கிக்கால் பக்கம் புதிதாகத் திறந்த தனியார் ஆஸ்பத்திரியில் பில்லிங் கவுண்டரில் டைப் அடிக்கச் சேர்ந்தேன். ஆஸ்பத்திரியின் பேர் வேண்டாம். ஊர்க்காரர்களுக்குத் தெரியும், மற்றவர்களுக்குத் தேவையில்லை. சேர்ந்த சில வருஷத்தில் கணவர் இறந்துபோனார். கவுண்டரில் வருகிறவர்களுக்கு முன்னால் வெறும் நெற்றியோடு உட்கார வேண்டாம் என்று நிர்வாகத்தில் யாரோ நல்லெண்ணத்தோடு சொல்லி, என்னை உள்ளே கம்ப்யூட்டர் பிரிவுக்கு மாற்றினார்கள். அந்த நல்லெண்ணத்துக்கு என்ன பெயர் என்று எனக்கு நன்றாகத் தெரியும். ஆனால் அங்கேதான் நான் தொழில் கற்றுக்கொண்டேன். கெட்டுப்போனதைச் சரிசெய்து சரிசெய்தே கற்றுக்கொண்டேன் என்பதற்கு மேல் அந்தக் காலத்தைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை.

எங்கள் பிரிவுத் தலைவர் ஏகாம்பரம் சார். ஒல்லியான மனிதர், எப்போதும் வெள்ளைச் சட்டை. காலையில் வந்ததும் டிபன் பாக்ஸைக்கூட கீழே வைக்காமல் நேராக சர்வர் ரூமுக்குப் போவார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு ஒவ்வொரு மெஷின் முன்னாலும் நின்று பார்ப்பார். முகப்பில் இருக்கும் விளக்கு நீலமாக இருந்தால் தலையை ஆட்டிவிட்டு அடுத்ததுக்கு நகர்வார். ஃபேன் சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்பார். அந்தச் சுற்று முடியாமல் யாரும் அவரிடம் பேசக் கூடாது. பேசினால் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். "கமலாம்மா, மொதல்ல கண்ணால பாரு, அப்புறம் கம்ப்யூட்டர்ல பாரு" என்பார். எனக்குச் சிரிப்பு வரும், ஆனால் நானும் அப்படித்தான் பழகினேன்.

கம்ப்யூட்டர் தொழில் தெரியாதவர்களுக்காக ஒன்று சொல்லிவிடுகிறேன். ஒரு காலத்தில் லேப்புக்கு ஒரு சர்வர், பில்லிங்குக்கு ஒரு சர்வர், ஸ்கேனுக்கு ஒரு சர்வர் என்று தனித்தனியாக இருந்தன. பிறகு மூன்றே மூன்று பெரிய மெஷின்களை வாங்கி, அவற்றுக்குள்ளேயே நிறைய விர்ச்சுவல் மெஷின்களை ஓட விட்டோம். ஒரே வீட்டைத் தடுத்துப் பல குடித்தனங்களுக்கு விடுகிற மாதிரி. அத்தனை குடித்தனத்தையும் ஒரு வெப் கன்சோலில், பிரவுசரிலேயே பார்க்கலாம். எது ஓடுகிறது, எது நின்றுவிட்டது, பச்சை, சிவப்பு என்று காட்டும்.

ஆனால் அந்தக் கன்சோல் குடித்தனக்காரர்களின் நிலைமையைத்தான் சொல்லும். வீட்டின் சுவர் விரிசல் விடுவதை அது சொல்லாது. தகவலைச் சேமிக்கும் டிஸ்க்குகளில் ஒன்று செத்துவிட்டால் பக்கத்து டிஸ்க்குகள் சுமையைப் பகிர்ந்துகொள்ளும், மேலே எல்லாம் பச்சையாகவே ஓடும். இரண்டாவதும் செத்தால் மொத்தமும் போய்விடும். மெஷினின் உடம்பைக் கவனிக்க அதற்குள்ளேயே ஒரு சின்னச் சில்லு, சிப் என்பார்களே அது, உண்டு. அதற்குத் தனி விலாசம், தனி பாஸ்வேர்டு. அது சொல்வதைக் கன்சோலுக்குள் கொண்டுவந்து காட்டுவதுதான் ஹார்டுவேர் பிளக்-இன். எங்கள் மெஷின்களைப் பொருத்திக் கொடுத்த கம்பெனி அதையும் நிறுவிவிட்டுத்தான் போயிருந்தது. ஆனால் டிசேபிள் செய்த நிலையிலேயே கிடந்தது.

ஏகாம்பரம் சாருக்கு அதில் இஷ்டமில்லை. மூன்று மெஷின்களின் பாஸ்வேர்டையும் கன்சோலிடம் கொடுத்தால்தான் அது வேலை செய்யும். "எல்லா சாவியையும் ஒரே கொத்துல கோத்துத் தெருவுல தொங்க விடச் சொல்றியா? எவனாவது கன்சோலுக்குள்ள பூந்துட்டா மெஷினையே அணைச்சிடுவான்" என்றார். அவர் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. நான் விடவில்லை. கன்சோலுக்கு ஆள் நுழையும் வழிகளை முதலில் இறுக்கலாம், பார்க்க மட்டும் அனுமதி உள்ள கணக்கை உருவாக்கிக் கொடுக்கலாம் என்று மாதக்கணக்கில் நச்சரித்தேன். கடைசியில் ஒரு நாள் இறங்கி வந்தார்.

"சரிம்மா, பண்ணிடலாம். ஆனா தீபம் முடியட்டும்."

அண்ணாமலையார் மலை உச்சியில் கார்த்திகை தீபம் ஏற்றுகிற இந்த ஊர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. புரட்டாசி பிறந்தால் போதும், வீட்டுக்கு வெள்ளையடிப்பது, பெண் பார்ப்பது, பல் பிடுங்குவது எல்லாமே தீபம் முடிந்துதான். ஆஸ்பத்திரியில் அதற்குக் காரணமும் இருந்தது. முன்பு ஒரு தீபத்துக்கு முதல் நாள் யாரோ ஒரு அப்டேட்டை ஏற்றி, அவசர சிகிச்சைப் பதிவே நின்றுபோனது. மலை ஏறி விழுந்தவர்களும் கூட்டத்தில் மயங்கியவர்களுமாக வராண்டா நிறைந்திருக்க, துண்டுச் சீட்டில் பெயர் எழுதிக்கொண்டு ஓடினோம். அன்றைக்கு சார் ஒரு விதி போட்டார். ஆயுத பூஜையில் மெஷினுக்குப் பொட்டு வைத்துவிட்டால், தீபம் முடிகிறவரை எதிலும் கை வைக்கக் கூடாது. நல்ல விதி என்றுதான் நானும் நினைத்தேன். பிளக்-இன்னும் தீபத்துக்கு அப்புறம் என்று தள்ளிப் போயிற்று, பேக்கப்புக்குத் தனிப் பெட்டி வாங்குகிற வேலையும் தள்ளிப் போயிற்று. அதுவரை தினசரி நகல் அதே மெஷினின் இன்னொரு மூலையில்தான் விழுந்துகொண்டிருந்தது.

ஆயுத பூஜை சாருடைய நாள். சர்வர் ரூம் வாசலில் வாழைக்கன்று கட்டுவார். உள்ளே புகை பட்டால் அலாரம் அடிக்கும் என்பதால் கற்பூரத்தை வெளியே நின்றே காட்டுவார். பொரிகடலையை உள்ளே கொண்டுபோக விட மாட்டார். பொட்டு மட்டும் தன் கையால்தான் வைப்பார், வேறு யாரையும் தொட விட மாட்டார். மற்ற வருஷங்களில் ரேக்கின் கண்ணாடிக் கதவில் வைப்பார். அந்த வருஷம் காற்றோட்டம் போதவில்லை என்று கதவுகளைக் கழற்றிவிட்டிருந்தோம். அதனால் மெஷின்களின் முகப்பு மூடியிலேயே வைத்தார். மூடி முழுக்கக் கம்பி வலை. பொட்டு நிற்க வழவழப்பான இடம் ஒன்றே ஒன்றுதான், இடது ஓரத்தில் ஒரு சின்ன வட்டம். முதல் இரண்டு மெஷினிலும் வட்டத்துக்குக் கொஞ்சம் தள்ளி விழுந்தது. மூன்றாவது கீழே இருந்தது. குனிந்து வைத்தபோது சந்தனம் சரியாக அந்த வட்டத்தை மூடி, அதன் மேல் குங்குமமும் ஏறியது. அந்த வட்டம்தான் விளக்கு.

மறுநாள் வேலைக்கு வந்தபோது கவனித்தேன். துணியை எடுத்துக்கொண்டு போனேன்.

"சார், மூணாவதுல லைட்டு தெரியல. தொடச்சிடட்டுமா?"

"பொட்டை அழிக்காதம்மா. அதுவா உதிரட்டும். பின்னாடியும் லைட்டு இருக்கு இல்ல, நான் பாத்துக்கறேன்."

என் நெற்றியில் இருந்ததை அழித்தபோது, அதுவாக உதிரட்டும் என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை. அந்த நினைப்பு அப்போது சுருக்கென்று வந்தது. துணியை மடித்து வைத்துவிட்டு என் இடத்துக்குப் போய்விட்டேன். அவர் சொன்னபடியே தினமும் மூன்றாவது மெஷினுக்குப் பின்னால் சுற்றிப் போய்ப் பார்த்தார். பின்னால் இருப்பவை கரண்ட் வருகிறதா, கேபிள் சரியா என்று சொல்லும் விளக்குகள். டிஸ்க்கைப் பற்றி அவற்றுக்கு ஒன்றும் தெரியாது. சாருக்கும் அது தெரிந்திருக்க வேண்டும். பல வருஷப் பழக்கம் சில சமயம் யோசிக்க விடுவதில்லை.

மூன்றாவது மெஷினில்தான் கதிர்வீச்சுப் பிரிவு குடியிருந்தது. புற்றுநோய்க்காரர்களுக்கு எந்தக் கோணத்தில், எந்த அளவில் கதிர் விட வேண்டும் என்று டாக்டர்கள் கணக்குப் போட்டு வைக்கும் பிளான், இதுவரை எவ்வளவு கொடுத்தோம் என்ற விவரம், எல்லாம் அதற்குள். அதற்கு முந்தின வருஷம்தான் காகிதத்தை ஒழித்துவிட்டோம் என்று கேக் வெட்டியிருந்தார்கள்.

அந்தப் பிரிவின் காத்திருப்பு இடம் எங்கள் கதவுக்கு எதிரில். பரிமளா அங்கேதான் பழக்கம். அடி அண்ணாமலையில் கிரிவலப் பாதையில் இட்லிக் கடை வைத்திருந்தாள். கணவன் பக்கத்தில் நின்று டீ ஆற்றுவான், கடை அவளுடையது. நாற்பதைத் தாண்டியவள், வாய் ஓயாதவள். தொண்டை கட்டிக்கொண்டு மாதக்கணக்கில் சரியாகாமல் வந்தவளுக்குக் குரல்வளையில் ஆரம்ப நிலைப் புற்று என்று தெரிந்தது. டாக்டர் அவளிடம் சொன்னதை அவளே எனக்கு நடித்துக் காட்டினாள்.

"கரண்ட்டு வெச்சா சரியாப்பூடுமாம் மேடம். கொரலும் தங்கிடுமாம். ஆனா நடுவுல ஒரு நாளும் உடக்கூடாதாம். உட்டா அது மறுபடி தல தூக்குமாம். அப்பால கொரல்வளையையே எடுத்துடணுமாம். கொரல் போச்சுன்னா நான் இன்னாத்துக்கு? ரோட்டுல போறவங்கள எவன் கூப்பிடுவான், எங்க வூட்டுக்காரனா? அவன் வாயத் தொறந்தா வர்றவனும் ஓடிடுவான்."

எங்கள் ஊரில் கதிர்வீச்சு என்று யாரும் சொல்வதில்லை. கரண்ட்டு வைப்பது என்றுதான் சொல்வார்கள். தீபம் முடிந்து ஆரம்பிக்கலாமா என்று அவள் டாக்டரிடம் கெஞ்சிப் பார்த்திருக்கிறாள். அவள் கடைக்கு வருஷம் முழுவதும் நடக்கும் வியாபாரம் ஒரு பக்கம் என்றால் தீபத்து வியாபாரம் ஒரு பக்கம். டாக்டர் ஒரே வார்த்தையில் மறுத்துவிட்டார். நோய் தீபத்துக்காகக் காத்திருக்காது என்றாராம். நாங்கள் இருந்த அதே கட்டடத்தில்தான் அதைச் சொன்னார். ஆகவே தீபாவளி முடிந்த கையோடு ஆரம்பித்தாள். தினமும் காலையில் கடையைக் கணவனிடம் விட்டுவிட்டு, ஷேர் ஆட்டோவில் வந்து, தலை அசையாமல் இருக்க முகத்துக்கு அச்சு மாட்டிக்கொண்டு படுத்து எழுந்து போவாள். போகும்போது என் கதவைத் தட்டி, "வெச்சாச்சு மேடம்" என்று சொல்லிவிட்டுப் போவாள்.

கோயிலில் கொடியேறி, தீபத்துக்கு இரண்டு நாள் இருந்த காலை. கதிர்வீச்சுப் பிரிவிலிருந்து போன். பேஷன்ட் விவரம் ஒன்றும் திரையில் வரவில்லை என்றார்கள். நான் கன்சோலைத் திறந்தேன். முதல் இரண்டு மெஷினும் பச்சை. மூன்றாவதன் குடித்தனங்கள் அத்தனையும் சாம்பல் நிறத்தில், தொடர்பு இல்லை என்று நின்றன. சாரைக் கூப்பிட்டேன்.

அவர் ஓடவில்லை. வழக்கம்போல முதல் மெஷின், இரண்டாவது மெஷின் என்று பார்த்துக்கொண்டேதான் வந்தார். மூன்றாவதன் முன் முழங்காலிட்டு உட்கார்ந்தார். ஒரு நிமிஷம் அந்தப் பொட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கட்டைவிரல் நகத்தால் சுரண்டினார். காய்ந்த சந்தனம் பொருக்காக உதிர்ந்தது. அடியில் விளக்கு ஆரஞ்சு நிறத்தில் விட்டுவிட்டு எரிந்துகொண்டிருந்தது.

மூடியைக் கழற்றினோம். ஒரு டிஸ்க் முழுக்கச் செத்திருந்தது, இன்னொன்று செத்துக்கொண்டிருந்தது. சார் என்னைப் பார்க்கவில்லை. "பேக்கப்பு?" என்று கேட்டார். அது எங்கே இருக்கிறது என்று அவருக்கே தெரியும். இருந்தும் கேட்டார். நான் அந்த மெஷினைத்தான் கை காட்டினேன்.

அடுத்த சில நாட்களை நான் நினைக்க விரும்புவதில்லை. டிஸ்க்குகளைச் சென்னைக்கு அனுப்பினோம், ஒன்றும் மீட்க முடியாது என்றார்கள். வேறு டிஸ்க் போட்டு, கதிர்வீச்சு மென்பொருளை முதலிலிருந்து நிறுவ வேண்டும். அதை அந்த மென்பொருள் கம்பெனி ஆள்தான் வந்து செய்ய முடியும். போன் போட்டால் அவர் என்ன சொன்னார் தெரியுமா?

"தீபம் முடிஞ்சு வந்துடறேன் மேடம். இப்ப ஊருக்குள்ள வண்டி விட மாட்டாங்க, தங்க ரூமும் கெடைக்காது."

நான் போனிலேயே அழுதுவிட்டேன். கோபத்தில்தான் அழுதேன். அவர் சொன்னது பொய்யும் இல்லை. ஊரைச் சுற்றி எல்லாச் சாலையையும் அடைத்துவிட்டார்கள்.

சிகிச்சை நடுவில் இருந்தவர்கள் எல்லோரும் வராண்டாவில் உட்கார்ந்திருந்தார்கள். கையால் கணக்குப் போட்டாவது கொடுக்கலாமா என்று டாக்டர் துடித்தார். கதிர் அளவைக் கணிப்பவர், பிளான் இல்லாமல் குத்துமதிப்பாகக் கதிர் விட்டால் தண்டுவடம் வெந்துவிடும் என்று கையை விரித்துவிட்டார். புதுச்சேரிக்கு அனுப்பலாம் என்றால் அங்கேயும் முதலிலிருந்து ஸ்கேன், அச்சு, பிளான், அதற்கும் வரிசை. மெஷின் ரிப்பேர் என்று மட்டும் நோயாளிகளிடம் சொல்லச் சொன்னது நிர்வாகம்.

பரிமளா என் கதவைத் தட்டினாள். நான் அவள் முகத்தைப் பார்க்கத் தயங்கினேன். அவள் முகமெல்லாம் சிரிப்பு.

"மேடம், கேட்டீங்களா? மெஷின் ரிப்பேராம்! நான் உட்டனா, இல்ல டாக்டர் உட்டாரா? அண்ணாமலையாரே பாத்து நிறுத்திட்டாரு. இந்த வருசம் தீபத்துக்குக் கடை போடுடின்னு சொல்லிட்டாரு."

போய் வா என்றேன். தீபத்தன்று அவள் கடையில் நிற்க இடமில்லாத கூட்டமாம். கட்டிய தொண்டையோடு நாள் முழுக்கக் கூவிக் கூவிக் கூப்பிட்டிருக்கிறாள். மலை உச்சியில் தீபம் ஏறியதும் ஊரே கை கூப்பி நின்றது. நான் ஆஸ்பத்திரி மொட்டை மாடியில் நின்று பார்த்தேன். கும்பிட எனக்குக் கை எழவில்லை.

ஏறக்குறைய இரண்டு வாரம் சிகிச்சை நின்றது. பிறகு புதிதாகப் பிளான் போட்டு, விட்ட நாட்களுக்கு ஈடாகக் கூட்டிக் கொடுத்து முடித்தார்கள்.

அந்த நாட்களில் ஒரு காலை, தீபம் முடிந்து மூன்றாவது மெஷின் மறுபடி ஓட ஆரம்பித்தவுடன், நான் யாரையும் கேட்காமல் பிளக்-இன்னை எனேபிள் செய்தேன். தினேஷ், இதை நீ தெரிந்துகொள்ள வேண்டும், எவ்வளவு பெரிய வேலை அது என்று. நிர்வாகி கணக்கில் நுழைந்தேன். இடது பக்கப் பட்டியலில் நிர்வாகம் என்ற பகுதி, அதற்குள் பிளக்-இன்களின் வரிசை. எங்களுடையது மட்டும் மங்கலாகக் கிடந்தது. அதைத் தேர்ந்தெடுத்து எனேபிள் என்பதை அழுத்தினேன். வெளியே போய் மறுபடி நுழையச் சொன்னது, நுழைந்தேன். பட்டியலில் புதிதாக ஒரு சின்னம் வந்திருந்தது. அதற்குள் ஒவ்வொரு மெஷினின் சில்லு விலாசத்தையும், பார்க்க மட்டும் அனுமதி உள்ள கணக்கையும் கொடுத்தேன். அந்தச் சில்லின் அடையாளச் சான்றிதழை நம்பலாமா என்று கேட்டது, ஒப்பிட்டுப் பார்த்து ஒப்புக்கொண்டேன். மெஷின்களைக் கணக்கெடுக்கச் சொன்னேன். டிஸ்க், ஃபேன், பவர், சூடு எதில் கோளாறு என்றாலும் மெயில் அனுப்பு என்று கட்டளை வைத்தேன். அவ்வளவுதான். டீ வாங்கி வைத்திருந்தேன், குடிக்கிற சூட்டிலேயே இருந்தது.

பிளக்-இன் முதலில் காட்டியது மூன்றாவது மெஷினின் பழைய நிகழ்வுகளை. முதல் டிஸ்க் செத்தது ஆயுத பூஜை முடிந்த சில நாட்களில். அன்றிலிருந்து அந்தச் சில்லு ஓயாமல் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறது. கேட்க ஆள் இல்லை. சார் என் தோளுக்குப் பின்னால் நின்று முழுவதையும் படித்தார். படித்துவிட்டு, "சரியாப் பண்ணியிருக்கேம்மா" என்றார்.

நிர்வாகம் ஒரு விசாரணை வைத்தது. மின்சார ஏற்ற இறக்கத்தால் டிஸ்க்குகள் பழுதானதாக எழுதி முடித்துவிடலாம் என்று எல்லோரும் ஏற்கெனவே பேசி வைத்திருந்தார்கள். ஏகாம்பரம் சார் அந்த முகப்பு மூடியைத் துணியில் சுற்றி எடுத்து வந்தார். மேஜை மேல் வைத்தார். பாதி உதிர்ந்த பொட்டு அப்படியே இருந்தது.

"மின்சாரத்துல ஒண்ணும் இல்ல சார். எச்சரிக்கை லைட்டை மறைச்சது நான் வெச்ச பொட்டு. இந்தம்மா தொடைக்க வந்தாங்க, வேணாம்னதும் நான்தான். அந்த பிளக்-இன்னை ஆன் பண்ணலாம்னு எத்தனையோ வாட்டி கேட்டாங்க, தள்ளிப் போட்டதும் நான்தான்."

யாருக்கும் அது பிடிக்கவில்லை. ஒருவர் மூடியை மெல்ல மேஜையிலிருந்து எடுத்துக் கீழே வைத்தார். பூஜையைப் பற்றியெல்லாம் விசாரணையில் எழுத முடியாது என்றார்கள். மின்சாரம் என்றே எழுதினார்கள். அந்த மாதமே சார் வேலையை விட்டு நின்றுகொண்டார். அவர் நாற்காலியில் என்னை உட்கார வைத்தார்கள்.

அடுத்த மழைக்காலத்துக்கு முன்னால் பரிமளாவின் குரல் மறுபடி கட்டியது. குழாய் விட்டுப் பார்த்தார்கள். அது திரும்ப வந்திருந்தது. இனிக் கரண்ட்டு வைக்க முடியாது, குரல்வளையை எடுத்தாக வேண்டும் என்றார் டாக்டர். அவர் அறைக்குப் போய் நின்றுகொண்டே கேட்டேன்.

"அந்த ரெண்டு வாரத்தாலதானா டாக்டர்?"

"இருக்கலாம். நிக்காம எடுத்துகிட்டவங்களுக்கும் சில பேருக்குத் திரும்ப வர்றது உண்டு. என்னால உறுதியாச் சொல்ல முடியாது."

சாருக்குப் போன் செய்து சொன்னேன். சொல்லாமல் இருந்திருக்கலாம். "கடை எங்கன்னு உனக்குத் தெரியும் இல்ல? கூட வாம்மா" என்றார்.

கூட்டம் இல்லாத ஒரு மத்தியான வேளை. கணவன் உள்ளே படுத்திருந்தான். பரிமளா எங்களை பெஞ்சில் உட்கார வைத்து டீ போட்டுக் கொடுத்தாள். குரல் காற்றாகத்தான் வந்தது. சார் டீயைத் தொடவில்லை. ஆரம்பத்திலிருந்து எல்லாவற்றையும் சொன்னார், விளக்கு, பொட்டு, டிஸ்க், தள்ளிப்போட்ட வேலை, ஒன்றையும் விடவில்லை. அவளுக்குப் புரிகிற வார்த்தைகளில், நிதானமாக, மெஷினைச் சுற்றி வருவது போலவே சொன்னார். கடைசியில் கை கூப்பினார்.

அவள் கரண்டியை வைத்துவிட்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இதை எதுக்கு சார் எங்கிட்ட வந்து சொல்றீங்க?"

அவர் கூப்பிய கையை இறக்கவில்லை.

"கொரல் போகப்போவுதுன்னு டாக்டர் சொன்னப்பக்கூட நான் அழுவல சார். அந்த ஒரு தீபத்துக்கு அண்ணாமலையாரே எனக்கோசரம் மெஷினை நிறுத்துனாரு, வெல அதான் போலன்னு மனச தேத்திகினு இருந்தேன். இப்ப வந்து அவரு இல்ல, நான்தான்னு சொல்றீங்க. என் கொரலும் போச்சு. அதையும் எடுத்துட்டீங்களே சார்."

சார் தலை கவிழ்ந்து உட்கார்ந்திருந்தார். உண்மையைச் சொல்லிவிட்டால் பாரம் குறையும் என்று வந்திருப்பார் போல. அவருடைய பாரத்தை அவள் தலையில் இறக்கி வைத்தோம் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. எழுந்திருக்கலாம் என்று சாரின் கையைத் தொட்டேன்.

"உக்காருங்க" என்றாள் பரிமளா. "டீ ஆறிப்போச்சு. வேற போட்டுத் தரேன், குடிச்சிட்டுப் போங்க."

குடித்தோம். தம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு அவள் என்னிடம் வந்தாள். பக்கத்துக் கடையில் கட்டியிருந்த சின்ன ஒலிபெருக்கியைக் காட்டினாள். பதிவு செய்த குரல் ஒன்று அதில் திரும்பத் திரும்ப ஆட்களைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தது.

"அந்த மாதிரி எனக்கும் ஒண்ணு பண்ணிக் குடுங்க மேடம். ஆபரேசனுக்கு முன்னாடி பேசி வெச்சிடறேன். ஒங்க போன்ல புடிப்பீங்க இல்ல?"

போனை நீட்டினேன். முதலில் வெறும் காற்று வந்தது. சுடுதண்ணீர் குடித்துவிட்டுப் பேசினாள், பாதியில் உடைந்தது. கோபத்தோடு தொண்டையைப் பிடித்துவிட்டுக்கொண்டு மறுபடி பேசினாள். எத்தனை முறை என்று எண்ணவில்லை. ஒரே ஒரு முறை பழைய குரல் முழுசாக வந்தது. அது போதும் என்று கையைக் காட்டினாள்.

தினேஷ், உன் கேள்விக்கு என் பதில் இதுதான். அது அனுப்புகிற மெயில் தொல்லை என்கிறாய். தொல்லையாகவே இருக்கட்டும், படி. ஆயுத பூஜைக்குப் பொட்டு வை, வேண்டாம் என்று சொல்லவில்லை. பிளக்-இன்னில் மட்டும் கை வைக்காதே.

இந்தப் பௌர்ணமி சாயங்காலம் நான் அடி அண்ணாமலைப் பக்கம் போனேன். தூரத்திலேயே கேட்டது. "வாங்க சாமி, வாங்க! சுடச்சுட இட்லி, உக்காந்து சாப்ட்டுட்டு நடங்க சாமி!" பரிமளா கழுத்தில் துணியைச் சுற்றிக்கொண்டு இட்லித் தட்டை இறக்கிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் பெஞ்சைத் துடைத்துவிட்டு உட்காரச் சொல்லிக் கை காட்டினாள். நான் சாப்பிட்டேன். கூட்டம் வந்து போனது, இட்லி தீர்ந்தது, பாத்திரம் கழுவ உட்கார்ந்துவிட்டாள். அதற்குப் பிறகும் அவள் குரல் சாலையில் போகிறவர்களைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தது. நான் நிறுத்தப் போனேன். வேண்டாம் என்று ஈரக் கையால் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.